மருமோன் முதலாளி ஆகிறார்

வாரும் முதலாளி, வாரும். இப்பவே அப்பிடிக் கூப்பிட்டுப் பழகிறன்; கடை திறந்தாப்பிறகு பழகப்போனால் வாய் வழங்காது. பாங்கில உன்னை நிப்பாட்டிப்போட்டுப் பக்கேஜ் குடுத்தவங்களாம், அந்தக் காசில ஒரு பிராஞ்சைஸ் எடுக்கப்போறியாம், அதுவும் இஞ்ச அஜக்ஸிலதானாம் எண்டு கொம்மா போனில சொல்லி அழுதவள். சந்தோசத்தில அழுதவளோ பயத்தில அழுதவளோ எண்டு நான் கேக்கேல்லை. தங்கச்சி அழுதால் காரணம் கேக்கப்படாது எண்டது என்ர நெடுநாளைய கொள்கை.

சரி, உந்தப் புத்தகங்களைக் காட்டு. அடேயப்பா, என்ன மினுக்கம்! முதல் பக்கத்தில ஏப்ரன் கட்டிக்கொண்டு பல்லுத் தெரியச் சிரிக்கிறாளே ஒரு பெட்டை, அவள் கடைக்காரி எண்டோ நினைச்சனீ? காசுக்குப் படம் எடுக்க நிண்டவள். உண்மையான கடைக்காரியின்ர முகத்தை இரவு பதினொரு மணிக்குப் படம் எடுத்துப் போட்டிருந்தால் உந்தப் புத்தகம் உன்ர கை மட்டும் வந்திராது. அங்கால, உங்கட சாம்ராச்சியத்துக்கு நீங்களே ராசா எண்ட மாதிரி என்னவோ எழுதிக் கிடக்கு. ராசா எண்டது சரி. ஆனால் ராசா என்ன நிறத்தில சேர்ட் போடவேணும், அரண்மனைச் சுவருக்கு என்ன பெயின்ற், பாணுக்குள்ள எத்தினை வளையம் வெங்காயம் எண்டு வேற ஆக்கள் எழுதிக் குடுத்த ராச்சியத்தை நான் சரித்திரத்தில படிக்கேல்லை.

நாலு புத்தகம் கொண்டந்திருக்கிறாய். கோப்பி, பாண் சான்ட்விச், சவ்வரிசித் தேத்தண்ணி, பிள்ளையளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிறது. எதை எடுக்கிறது எண்டு என்னட்டைக் கேக்கிறாய். கேட்டது நல்லது. நான் சொல்லுற புத்திக்கு றோயல்டி இல்லை.

கோப்பிக்கடையை எடுத்தியெண்டால் எனக்கு நல்லது. பேய்லி ஸ்ரீற்றுப் பக்கம் காலமையில நாங்கள் கிழடுகள் கூடுற இடம் ஒண்டு இருக்கு. ஒரு ஸ்மோல் கோப்பி, நாலு பேர், ரண்டரை மணித்தியாலம். கதிரை அவங்கட, ஹீற்றர் அவங்கட, வைஃபை அவங்கட, வோஷ்றூம் அவங்கட. சீனி வருத்தக்காரர் எண்டபடியால் சீனி மட்டும்தான் அவங்களுக்கு மிச்சம். நீ திறந்தால் உன்ர மாமா எண்ட உரிமையில அந்த நாலு பேரையும் எட்டாக்கிக் கொண்டு வாறன். உன்ர கடையில எந்த நேரமும் ஆக்கள் இருப்பினம். பாக்கிற சனம், கடை ஓகோவெண்டு ஓடுது எண்டு நினைக்கும். நீயும் நினைப்பாய்.

சவ்வரிசித் தேத்தண்ணிக்காரரை நான் குறை சொல்லமாட்டன். தேத்தண்ணிக்குள்ள சவ்வரிசியைப் போட்டு, தடிச்ச ஸ்ட்ரோவும் குடுத்து, ஏழெட்டு டொலருக்கு விக்கிற மூளைக்குக் கும்பிடவேணும். கொம்மா சவ்வரிசிக் கஞ்சி காய்ச்சித் தந்தால் மூக்கைச் சுளிக்கிற பெடிபெட்டையள் அங்க வரிசையில நிக்கினம். கேள்வி ஒண்டுதான். இவை அடுத்த வருசமும் சவ்வரிசிதான் குடிப்பினமோ? உன்ர லீஸ் பத்து வருசம். பெடியளின்ர ஆசைக்கு ஒருத்தரும் பத்து வருச லீஸ் எழுதித் தரமாட்டினம்.

கணக்குச் சொல்லிக் குடுக்கிறது எங்கட சனத்துக்குத் தோதான வியாபாரம். ஊரில சந்திக்குச் சந்தி ரியூட்டரி வைச்ச சாதி நாங்கள். ஜப்பானில ஒசாக்காப் பக்கம் தோறு குமொன் எண்ட கணக்கு வாத்தியார் 1954 இல தன்ர மகன் கணக்கில பின்னுக்கு நிக்கிறான் எண்டு கையால பயிற்சித் தாள் எழுதத் துவங்கினார். 1958 இல அதை நிறுவனமாக்கினார். இண்டைக்கு உலகம் முழுக்க அந்தத் தாள். எண்ணெய்ச் சட்டி இல்லை, பழுதாப் போற இறைச்சி இல்லை, விடிய அஞ்சு மணிக்கு எழும்பத் தேவையில்லை. ஆனால் அதில நீயே படிப்பிக்க வேணும். பெடியனுக்கு அஞ்சு மார்க் குறைஞ்சால் தாய்மார் வந்து நிப்பினம், அதுவும் எங்கட தாய்மார். பாங்கில மனேசருக்கே பதில் சொல்ல மாட்டாமல் இருந்த நீ, அவைக்குச் சொல்லுவியோ எண்டதை யோசிச்சுக் கொள்.

இதெல்லாம் பலகையில என்ன எழுதுறது எண்ட கதை. கோழியோ கோப்பியோ, அதில பெரிய வித்தியாசம் இல்லை, மருமோன். கல்லாப்பெட்டிக்குள்ள விழுகிற காசில ஆர் முதல் கை வைக்கிறது, ஆர் கடைசி எண்டதுதான் விசயம். புத்தகத்தில அதை மட்டும் மினுக்கத் தாளில அடிக்கமாட்டாங்கள்.

என்ர அப்பு வேலணையில வாரத்துக்கு வயல் செய்தவர். சூடடிச்சுப் பொலி குவிச்ச உடன காணிக்காரன் வந்து களத்தில நிப்பான். விதைநெல்லு என்ன விலை, எரு எவ்வளவு, மழை பிழைச்சுதோ எண்டு ஒரு கேள்வி இல்லை. பொலியில தன்ர பங்கை அளந்து வண்டியில ஏத்தினாப்பிறகுதான் மிச்சம் எங்களுக்கு. றோயல்டி எண்டதும் அதுதான். இலாபத்தில எடுக்கிறேல்லை, வித்த காசில எடுக்கிறது. உனக்கு நட்டம் வந்த கிழமையும் அவனுக்குப் பங்கு போகும்.

சப்வேயை எடு. 1965 இல அமெரிக்காவில கனெற்றிகட்டில 17 வயசுப் பெடியன் ஒருத்தன், குடும்பத்துக்குத் தெரிஞ்ச ஒராளிட்டை 1,000 டொலர் கடன் வாங்கித் துவங்கின கடை அது. பெடியன் கெட்டிக்காரன், மற்ற ஆக்கள் கடன் வாங்கித் திறக்கிற கடையில பங்கு எடுக்கலாம் எண்டு பிறகு கண்டுபிடிச்சான். அவங்கட வழக்கமான கணக்கு, வித்த காசில 8 வீதம் றோயல்டி, விளம்பரத்துக்கு 4.5 வீதம். நூறு டொலர் வித்தால் பன்னிரண்டரை டொலர் நீ காணாமலே போயிடும்.

பேனையை எடு. போனில தட்டாதை, எழுது. எழுதினால்தான் வயித்தைக் கலக்கும். ஒரு கோப்பி சான்ட்விச் கடை எண்டு வைப்பம். பங்குக்கு சப்வேயின்ர வீதத்தையே இரவல் எடுப்பம். கிழமைக்கு 10,000 டொலர் வியாபாரம் எண்டு நானே உனக்குத் தாறன், ஆசீர்வாதமா. வருசத்துக்கு 520,000. அதில 65,000 பலகைக்காரனுக்கு. விடிய அஞ்சுக்குத் திறந்து இரவு பதினொண்டுக்குப் பூட்டுறாய், எந்த நேரமும் ரண்டு பேர் நிக்கினம். 2025 ஐப்பசியில இருந்து ஒன்ராறியோவில ஆகக் குறைஞ்ச சம்பளம் மணித்தியாலத்துக்கு 17.60. பெருக்கிப் பார், 231,000 வரும். லீவுக் காசு, பென்சன் கழிவு, வேலையில்லாக் காப்புறுதி ஒண்டையும் நான் இன்னும் சேக்கேல்லை. சாமான் செலவு வித்ததில 30 வீதம் எண்டால் 156,000. வாடகையும் ரீ.எம்.ஐ. எண்ட மேல்செலவும் சேத்து மாசம் 7,000, வருசத்துக்கு 84,000. கூட்டு. என்ன, 16,000 துண்டு விழுகுதோ? கரண்ட் இன்னும் வரேல்லை. இன்சூரன்ஸ் வரேல்லை. பாங்க்காரன் இன்னும் வாசலிலதான் நிக்கிறான்.

உதுக்குத்தான் மனுசியும் பிள்ளையும் எண்டு நீ சொல்லுவாய். சரி, அந்த ரண்டு பேரில ஒராளை நிப்பாட்டிப்போட்டு, அந்த இடத்தில நீயும் மனுசியும் மாறி மாறி நில்லுங்கோ. வருசம் முழுக்க, கிறிஸ்மஸ், தைப்பொங்கல், கலியாணவீடு, செத்தவீடு ஒண்டும் பாராமல். 6,570 மணித்தியாலம். மிஞ்சுறது 99,000 சொச்சம். பிரிச்சுப் பார்: மணித்தியாலத்துக்கு 15 டொலர். பக்கத்தில பாண் வெட்டுற பெடியனுக்கு 17.60. அவன் உன்னை "போஸ்" எண்டு கூப்பிடுவான். அந்தச் சொல்லுக்கு நீ குடுக்கிற விலை 2.60 எண்டு வைச்சுக்கொள். கடன் தவணை கட்டினாப்பிறகு விலை இன்னும் ஏறும்.

முகம் வாடிப்போச்சு. இரு, ஒரு கதை சொல்லுறன், சிரிப்பாய்.

ரிம் ஹோர்ட்டன் எண்டவர் ஐஸ் ஹொக்கி விளையாடின மனுசன். 1964 இல ஹமில்ற்றனில முதல் டோனற் கடை திறந்தது. அடுத்த வருசம் அந்தக் கடையை எடுத்து நடத்த வந்தவர் றொன் ஜோய்ஸ், பொலிஸ்காரர். 1967 இல பங்காளி ஆனார். 1974 இல ஹோர்ட்டன் கார் விபத்தில மோசம் போனார். அதுக்கடுத்த வருசம் ஹோர்ட்டனின்ர மனுசியிட்டை இருந்த பங்கை ஜோய்ஸ் 10 லட்சம் டொலருக்கு வாங்கினார். பிறகு அந்த அம்மா கோடேறியும் பலிக்கேல்லை. பேந்து வெண்டிஸ்காரர் வந்தினம், 2014 இல பேர்கர் கிங்கோட ஒண்டாச் சேத்து றெஸ்ரோறன்ற் பிராண்ட்ஸ் இன்ரநாஷனல் எண்டு பெருங்குடும்பம் ஆச்சுது. பலகையில பேர் மட்டும் செத்த மனுசன்ரை.

இனித்தான் பகிடி. ஹோர்ட்டனின்ர மகளும் ஜோய்ஸின்ர மகனும் கலியாணம் முடிச்சவை. அவை 401 ஹைவேயில இஞ்சயிருந்து கிழக்க ஒரு மணித்தியாலத்துக்குள்ள இருக்கிற கோபேர்க்கில ரிம் ஹோர்ட்டன்ஸ் வைச்சிருந்தவை. கம்பனி துவங்கின ரண்டு பேரின்ர பிள்ளையள், பிராஞ்சைஸ்காரரா! 2018 தை முதலாம் திகதி ஆகக் குறைஞ்ச சம்பளம் 11.60 இல இருந்து 14 டொலருக்கு ஏறினது. விலையைக் கூட்டுறது ஹெட் ஒபிசின்ர கையில, எங்கட கையில இல்லை எண்டு கடைக்காரர் கனபேர் அப்ப குழறினவை. கோபேர்க்கில, இனி இடைவேளை நேரத்துக்குச் சம்பளம் இல்லை எண்டு வேலையாக்களுக்குக் கடிதம் போனது. நாடு முழுக்கச் சனம் ஏசினது கடிதம் எழுதினவையைத்தான். அப்பன்ர பேர் பலகையில இருந்தும் கோப்பியின்ர விலையில பத்துச் சதம் ஏத்த மகளாலயும் ஏலாமல் போச்சுது எண்டால், வேலணைக் கந்தையர் வம்சத்து உனக்கு அந்த ஹெட் ஒபிஸ் என்ன செய்யும் எண்டு யோசி.

அதுக்கு முந்தி டோனற்றுக்கு ஒரு வழக்கு. கடையிலயே மா குழைச்சுச் சுட்டுக்கொண்டிருந்த டோனற்றைக் கம்பனி நிப்பாட்டி, ஒரு இடத்தில அரைவேக்காடாச் செய்து உறைய வைச்சு லொறியில அனுப்பத் துவங்கினது. சூடாக்கி விக்கவேண்டியதுதான் கடைக்காரற்றை வேலை. எங்களுக்கு விலை கூடிப்போச்சு, இலாபம் போச்சு எண்டு கடைக்காரர் சிலர் கோட்டுக்குப் போனவை. 2012 இல ஒன்ராறியோ நீதிமன்றம் தள்ளிப்போட்டுது. ஒவ்வொரு பண்டத்திலயும் உனக்கு இலாபம் வரப்பண்ணவேணும் எண்டு கம்பனிக்குக் கடமை இல்லை எண்டது தீர்ப்பின்ர சாரம். எழுதின ஒப்பந்தம் அப்பிடித்தான் சொல்லுது எண்டால் நீதிபதி என்ன செய்வார்?

எப்பவும் கடைக்காரன்தான் தோக்கிறான் எண்டும் இல்லை. அதே 2012 இல, கியூபெக்கில 21 டங்கின் டோனற்ஸ் கடைக்காரர் ஒண்டாச் சேந்து வெண்டவை. ரிம் ஹோர்ட்டன்ஸ் வந்து எங்களை விழுங்கினபோது கம்பனி பலகையின்ர பேரைக் காப்பாத்தாமல் கையைக் கட்டிக்கொண்டு நிண்டது எண்டதுதான் வழக்கு. 1 கோடி 64 லட்சம் டொலர் தீர்ப்பாச்சுது. பிறகு அப்பீலில தொகை குறைஞ்சாலும் வெற்றி நிலைச்சது. ஆனால் தீர்ப்பு வரேக்க கடை எங்க? காசு வாங்கினவையில கனபேருக்கு அதைப் போட்டெண்ணக் கல்லாப்பெட்டி இல்லை.

அப்ப பிராஞ்சைஸே வேண்டாம், சொந்தமா ஒரு ரேக்கவுட் போடட்டோ எண்டு கேக்க வாயெடுக்கிறாய். போடலாம். மட்டன் றோல்ஸ், கொத்து, இடியப்பம். ஸ்காபரோவில அப்பார்ட்மென்றில இருந்த எங்கட சனம் மார்க்கம், பிக்கரிங், அஜக்ஸ், விற்பி எண்டு கிழக்க வீடு வாங்கி வந்திட்டுது; பசியையும் கொண்டுதான் வந்தது. றோயல்டி ஒரு சதம் இல்லை. ஆனால் ஒண்டு சொல்லுறன் கேள். சொந்தக் கடையில உன்ர பெரியம்மா வந்து நிண்டு, "தம்பி, நாலு றோல்ஸுக்கு இன்னும் ரண்டைப் போட்டுவிடு மோனை" எண்டுவா. சித்தப்பா நூறு இடியப்பம் ஓடர் பண்ணிப்போட்டு, காசு கோயில் திருவிழாவுக்குப் பிறகு தாறன் எண்டுவார். பிராஞ்சைஸ் கடையில, பெரியம்மா, மெசின் விடாது, கம்பனி விடாது எண்டு கையை விரிக்கலாம். அந்த 8 வீதம் சமையல் குறிப்புக்கு எண்டோ நினைக்கிறாய்? சொந்தக்காரரிட்டை இருந்து காப்பாத்துற கூலி அது. அந்தக் கணக்கில பாத்தால் மலிவு.

நானே உனக்கு வக்காலத்து வாங்கிறன், பாத்தியே.

சரி, எடுக்கிறதெண்டே முடிவெண்டால், ஒன்ராறியோ அரசாங்கம் உன்னைப்போல ஆக்களுக்கெண்டே ஒரு சட்டம் செய்து வைச்சிருக்கு. ஆதர் விஷார்ட் சட்டம், 2000 ஆம் ஆண்டுச் சட்டம். முந்தின சட்டமா அதிபர் ஒருவற்றை பேர். நீ கையெழுத்து வைக்கிறதுக்குக் குறைஞ்சது 14 நாளுக்கு முதல் கம்பனி தன்ர உள்வீட்டு விசயம் எல்லாத்தையும் எழுதி உன்ர கையில தரவேணும். கணக்கறிக்கை, வழக்கு வம்பு, என்ன செலவு வரும் எண்டெல்லாம். தடிச்ச கட்டு. நீ அதைக் காருக்குப் பின்சீற்றில போட்டுக்கொண்டு திரிவாய் எண்டு எனக்குத் தெரியும். ஆனால் அதுக்குள்ள சட்டம் கட்டாயப்படுத்தி எழுதவைச்ச சில வசனம் கிடக்கு. சொந்தமா லோயரையும் கணக்குக்காரரையும் கேள் எண்டு ஒண்டு. இப்ப கடை நடத்துற ஆக்களோடயும் முந்தி நடத்தின ஆக்களோடயும் கதை எண்டு ஒண்டு. இன்னொண்டு கேள், எனக்குப் பிடிச்ச வசனம்: எங்களிட்டை நீ வாங்கிற சாமானின்ர விலை சந்தையில ஆக மலிஞ்ச விலையா இருக்கவேணும் எண்டில்லை. விக்க வந்தவன்ர வாயாலயே இதைச் சொல்லவைச்ச அரசாங்கத்துக்கு நான் ஒவ்வொரு தேர்தலிலயும் வோட்டுப் போடுவன், அது எந்தக் கட்சி எண்டு ஆரும் சொன்னால்.

அந்தக் கட்டில ஆக்களின்ர விவரம் வரும். இப்ப கடை வைச்சிருக்கிறவை ஒரு பக்கம். போன வருசம் விட்டிட்டுப் போனவை இன்னொரு பக்கம். நீ முதல் பக்கத்துக்குப் போன் எடுக்காதை. அவனுக்குக் கடையை விக்க ஆள் தேவை. தேன் ஒழுகக் கதைப்பான். ரண்டாம் பக்கத்துக்கு எடு. "அண்ணை, ஏன் விட்டனீங்கள்?" எண்டு மட்டும் கேட்டுப்போட்டுப் பேசாமல் இரு. அந்தாள் துவங்கினால் உன்ர போனில சார்ஜ் முடியும் மட்டும் நிப்பாட்டாது.

கட்டுத் தராமலே உன்னட்டைக் கையெழுத்து வாங்கினால் ரண்டு வருசத்துக்குள்ள ஒப்பந்தத்தை முறிச்சுக் காசைத் திருப்பிக் கேக்கலாம். பிந்தித் தந்தால், அல்லது குறை குற்றத்தோட தந்தால், கட்டுக் கிடைச்சு 60 நாளுக்குள்ள. 2009 இல டொலர் இற் எண்ட கடைக் கம்பனியின்ர வழக்கில, பெரிய ஓட்டை ஒடிசலான கட்டுத் தந்தால் அது தராததுக்குச் சமன் எண்டு ஒன்ராறியோ அப்பீல் கோடு சொல்லிப்போட்டுது. உடன உன்ர மூளை எங்க போகுது எண்டு தெரியுது: ரண்டு வருசம் கடையை நடத்திப் பாத்திட்டு, சரிவராட்டில் ஓட்டை தேடுவம் எண்டு. தேடலாம். லோயர்மாரின்ர பிள்ளையளும் மெடிசின் படிக்கத்தானே வேணும்.

இனி இடம். எல்லாரும் அஜக்ஸ் நல்ல ஊர் எண்டினம். நானும் எண்டுவன், வேற எங்கயும் என்னை வைச்சிருக்க ஆளில்லை. 2021 கணக்கெடுப்பில 126,666 சனம்; அப்பிடியிருந்தும் சட்டப்படி இன்னும் டவுன்தான், சிற்றி ஆகேல்லை. ஊரே இரவல் பேரில நிக்குது. 1939 இல தென்னமெரிக்காப் பக்கம் ஜேர்மன்காரன்ர கிறாவ் ஸ்பீயோட சண்டை பிடிச்ச பிரிட்டிஷ் கப்பல்தான் அஜக்ஸ். 1941 இல இஞ்ச எறிகணைக்கு மருந்தடைக்கிற தொழிற்சாலை போட்டவங்கள், அதைச் சுத்தி வந்த ஊருக்குக் கப்பலின்ர பேரை வைச்சவங்கள். கப்பலை 1949 இல உடைச்சாச்சு. தொழிற்சாலை போச்சு. பலகை நிக்குது. ஊருக்குள்ள பிக்கரிங் வில்லேஜ் எண்டு ஒரு பகுதி, அது பிக்கரிங்கில இல்லை, 1974 இல இருந்து அஜக்ஸுக்குள்ள. உன்ர கஸ்ரமருக்கு விலாசம் சொல்லேக்க கவனம்.

கிங்ஸ்ரன் றோட்டில பிளாசாவில ஒரு இடம் பாத்து வைச்சிருக்கிறன் எண்டாய். எந்தப் பக்கம்? தெற்குப் பக்கமோ? விடிய எங்கட சனம் போறது மேற்க, ரொறன்ரோவுக்கு. கோப்பி வாங்கிற அவசரத்தில ஒருத்தரும் றோட்டைக் குறுக்கறுத்துத் திரும்பமாட்டினம். காலமைச் சாமானுக்கு வடக்குப் பக்கம். பின்னேரச் சாப்பாடு எண்டால் தெற்கு, வேலையால களைச்சு வாறவைக்குச் சமைக்கப் பஞ்சி வாற பக்கம். சித்திரையில வெயில் எறிக்கேக்க இடம் பாக்காதை; மாசியில சினோ கொட்டின அடுத்த நாள் போய்ப் பார், பார்க்கிங்கில எத்தினை இடம் பனிக்குவியலுக்குப் போகுது எண்டு.

அந்த றோட்டிலதான் ஸ்காபரோவில இருந்து ஒஷாவா மட்டும் 36 கிலோமீற்றருக்கு விரைவு பஸ்ஸுக்கெண்டு தனிப் பாதை போடுற திட்டம். நல்ல திட்டம், நாளைக்கு உன்ர பேரப்பிள்ளை ஏறிப் போகும். ஆனால் கிண்டுற காலத்தில உன்ர வாசலுக்கு முன்னால செம்மஞ்சள் கூம்பு நிக்கும். நடு றோட்டில பஸ் ஓடுற இடத்தில இடப்பக்கம் திரும்பவேண்டியவன் சிக்னல் மட்டும் போய்த் திரும்பி வரவேணும். ஒரு சான்ட்விச்சுக்கு ஆர் அவ்வளவு தூரம் போறது? இதை நகரசபைக்காரரிட்டைக் கேள், பலகைக்காரனிட்டைக் கேளாதை.

லீஸில ரண்டு விசயம் பார். ஒண்டு, இடத்தை இடிச்சுக் கட்டப்போறம் எண்டு நோட்டிஸ் தந்தால் நீ எழும்பவேணும் எண்டு எங்கயாவது சின்ன எழுத்தில கிடக்கோ எண்டு. பழைய பிளாசாக்காரர் எல்லாரும் இப்ப கொண்டோக் கனவிலதான் நித்திரை. மற்றது, அந்த ரீ.எம்.ஐ. எண்ட மூண்டு எழுத்து, காணி வரி, பராமரிப்பு, காப்புறுதி. வாடகையை அஞ்சு வருசத்துக்குப் பூட்டித் தருவினம். மூண்டெழுத்தை ஒருத்தரும் பூட்டமாட்டினம். அது வருசா வருசம் வளரும். உன்ர பிள்ளையள் வளர்ற வேகத்துக்கு மேல.

முந்தி எங்கட தீவார் சிங்கள ஊர்களில கடை வைச்சமாதிரி இப்ப ஆரும் செய்யினமோ எண்டு நான் யோசிக்கிறது. வேலணை, புங்குடுதீவு, காரைநகர் ஆக்கள் காலி, குருநாகல், அனுராதபுரம் எண்டு போகாத ஊரில்லை. சுருட்டு, பலசரக்கு, சாப்பாட்டுக் கடை. மீசை முளைக்க முந்தி ஒரு பெடியனை மாமன்ர கடைக்கு அனுப்புவினம். நானும் அப்பிடிப் போனவன்தான். படுக்கிறது சாக்கு மூட்டைக்கு மேல. முதலில கூட்டுறது, பேந்து நிறுக்கிறது, பேந்து கொப்பி எழுதுறது. கடனுக்குக் கேக்கிறவன்ர முகத்தைப் பாத்து அவன் தருவானோ தரமாட்டானோ எண்டு சொல்லத் தெரிஞ்சாப்பிறகுதான் மாமன் அடுத்த ஊரில ஒரு கடையைப் பங்குக்குப் போட்டுத் தருவார். பலகையும் இல்லை, புத்தகமும் இல்லை. வருசக்கணக்கில வேலை பழகினவனுக்குத்தான் கடை. 58 கலவரத்தில அடிச்சும் திருப்பிப் போய்த் திறந்தினம், 77 இல அடிச்சும் திறந்தினம். 83 க்குப் பிறகு கனபேர் போகேல்லை. அது வேற கதை, இப்ப வேண்டாம்.

நீ எடுக்கப்போற கம்பனியும் ஒரு பயிற்சி தரும், சில கிழமை. மெசினை எப்பிடிக் கழுவுறது எண்டு காட்டித் தருவாங்கள். அது காணாது. உந்தக் கம்பனியின்ர கடை ஒண்டு விற்பியிலயோ ஒஷாவாவிலயோ இருக்கும். அங்க போய் வேலைக்கு அப்ளை பண்ணு. சிரிக்காதை. தலைக்கு வலை போட்டுக்கொண்டு, 17.60 க்கு, மாரிக்காலம் ஒண்டு முழுக்க நில்லு. எந்த நாளில சனம் இல்லை, எத்தினை தட்டு சாமான் குப்பைக்குப் போகுது, வேலைக்கு வாறன் எண்ட பெடியன் வராத அண்டைக்கு முதலாளி எத்தினை மணிக்கு ஓடிவாறார், அந்தாள் கடைசியா எப்ப வீட்டில இருந்து சாப்பிட்டது, எல்லாம் தெரியும். புத்தகத்துக்கு வராத கணக்கு முழுக்கக் கழிவுத் தொட்டிக்குப் பக்கத்தில இருக்கு. பாங்கில ஆறு இலக்கச் சம்பளம் எடுத்த நான் கூட்டுமாறு பிடிக்கிறதோ எண்டு உனக்குக் குறுகுறுக்கும். கடை திறந்தாப்பிறகும் அந்தக் கூட்டுமாறு உன்ர கையிலதான் இருக்கும். அப்ப சம்பளம் மட்டும் இருக்காது.

எல்லாம் பாத்து, எல்லாம் கேட்டு, பிறகும் ஆசை விடேல்லை எண்டால் எடு. வயசு இருக்கு, உடம்பு இருக்கு. நான் வந்து தேங்காய் உடைக்கிறன். உந்த ஏப்ரனோட நீ நிக்கிற படத்தை ஊருக்கும் அனுப்புறன்.

காசு காணாது எண்டியே, மிச்சத்துக்கு என்ன யோசனை? வீட்டை வைச்சோ? ம். கடை நீ பதியிற கம்பனியின்ர பேரில எண்டாலும் பாங்க்காரன் உன்ர சொந்த உத்தரவாதக் கையெழுத்தும் கேப்பான், அது தெரிஞ்சதுதானே. ஆனால் குடியிருக்கிற வீடு எல்லே அது. ஒன்ராறியோவில புருசன் தனியக் கையெழுத்து வைச்சுக் குடும்ப வீட்டை அடமானம் வைக்கேலாது. மனுசியும் ஒப்பவேணும், அதுவும் சட்டம். உன்ர மனுசி ஆஸ்பத்திரியில இரவு வேலையும் செய்து, வீட்டு மோர்ட்கேஜில எத்தினை சதம் மிச்சம் கிடக்கு எண்டு விரல் நுனியில வைச்சிருக்கிறவள். அவளிட்டை உந்தக் கிழமைக்குப் பத்தாயிரம் கதையைச் சொல்லிப்போட்டியோ?

என்ன நிலத்தைப் பாக்கிறாய்?

அதுதானே. நாலு புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு நேர என்னட்டை வந்த உடன நினைச்சன். மாமா சொன்னவர் எண்டு போய்ச் சொல்லுற யோசனை மட்டும் வேண்டாம் மருமோன், அவள் விடிய வேலை முடிஞ்சு வாற வழியில எனக்குப் போன் எடுப்பாள்.